பிளாங்க் நேரம் கூடினால் ஆட்டமும் கூடுமா? கோர் பயிற்சி எங்கே உதவுகிறது, எங்கே உதவுவதில்லை

ஓட்டக்காரர், நீச்சல் வீரர், வேகப்பந்து வீச்சாளர் என யாருடைய பயிற்சி அட்டவணையை எடுத்தாலும் ‘கோர்’, அதாவது நடுவுடல் தசைகளுக்கான பயிற்சி, என்று ஒரு பகுதி இருக்கும். காயத்திலிருந்து மீண்டு வருகிற வீரரைப் பற்றிய செய்தியில் ‘கோரை வலுப்படுத்தினார்’ என்ற வரி தவறாமல் வரும். கொஞ்ச நாளிலேயே ‘கோர் பயிற்சியால் ஆட்டத்தில் முன்னேற்றமில்லை’ என்று ஓர் ஆய்வுச் செய்தியும் வரும். எதை நம்புவது என்று விளையாடுகிறவர்களும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிற பெற்றோரும் குழம்புவதில் வியப்பில்லை.

இரண்டு செய்திகளுமே சரியாக இருக்க முடியும். காரணம், அவை வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ‘கோர் தேவையா?’ என்பது ஒரு கேள்வி. ‘கோரைத் தனியாக எடுத்துப் பயிற்சி செய்தால் ஆட்டம் மேம்படுமா?’ என்பது வேறு கேள்வி. முதலாவதற்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு, யாருக்கு, எந்த விளையாட்டில், எந்தப் பயிற்சியால் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

## கோர் என்பது எவ்வளவு தூரம்?

கோர் என்றதும் ‘சிக்ஸ் பேக்’ வயிறுதான் நினைவுக்கு வரும். அது முன்பக்கம் மட்டுமே. பக்கவாட்டில் சாய்வாக ஓடும் தசைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில், இடுப்பைச் சுற்றி வளைத்து நிற்கும் குறுக்கு வயிற்றுத் தசை. பின்னால் முதுகெலும்பை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஓடும் நீண்ட தசைகளும், முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குட்டித் தசைகளும். மேலே மூச்சுக்கான உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள்.

விளையாட்டு மருத்துவத்தில் புட்டத் தசைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. முதுகின் கீழ்ப்பகுதியில் தடித்த சவ்வு ஒன்று உண்டு. வலது தோளிலிருந்து இறங்கும் பெரிய முதுகுத் தசையும் இடது புட்டத் தசையும் இந்தச் சவ்வு வழியாகத்தான் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. ஓடும்போதும் எறியும்போதும் ஒரு பக்கக் கையும் மறுபக்கக் காலும் சேர்ந்து இயங்குகின்றன. அந்த விசை கடந்து போகும் வழிகளில் இதுவும் ஒன்று. வயிற்றை மட்டும் பயிற்சி செய்துவிட்டுக் கோர் முடிந்தது என்று நினைப்பவர்கள் பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை.

## முதுகெலும்பு தானாக நிற்பதில்லை

தசைகளை எல்லாம் நீக்கி, எலும்பும், எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கும், எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்ட்டும் மட்டும் உள்ள இடுப்பு முதுகெலும்பை ஆய்வகத்தில் நிறுத்தி, மேலிருந்து அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 90 நியூட்டன், அதாவது 9 கிலோ எடைக்கு இணையான விசையிலேயே அது வளைந்து மடங்கிவிடுகிறது. நம் தலை, கைகள், மார்பு ஆகியவற்றின் எடையே இதைவிடப் பல மடங்கு. ஆக, நாம் நிமிர்ந்து நிற்பதே தசைகள் சுற்றிலும் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான்.

யேல் பல்கலைக்கழகத்தின் மனோகர் பஞ்சாபி 1992-இல் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். முதுகெலும்பின் நிலைப்புத்தன்மைக்கு அவர் மூன்று பங்காளிகளைச் சொன்னார்:

1. எலும்பு, டிஸ்க், லிகமென்ட். இவை தாமாக இயங்காதவை.
2. சுற்றியுள்ள தசைகள்.
3. எந்தத் தசை எப்போது, எவ்வளவு இறுக வேண்டும் என்று முடிவெடுக்கும் நரம்பு மண்டலம்.

உடற்பயிற்சி பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுவிடுகிறது. விளையாட்டில் வித்தியாசத்தை உண்டாக்குவது பல நேரம் மூன்றாவதுதான்.

## விசை கடந்து போகும் வழி

டென்னிஸில் சர்வ் அடிப்பவரைப் பாருங்கள். முழங்கால் மடங்கி நிமிர்கிறது, இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னால் மார்பு, பிறகு தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. ஒவ்வொரு பகுதியும் தன் வேகத்தை அடுத்ததிடம் கொடுத்துவிட்டு நிற்கிறது. பந்தைச் சென்று சேரும் விசையில் பாதிக்கும் சற்று மேல் காலிலிருந்தும் நடுவுடலிலிருந்தும்தான் வருகிறது என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவர் பென் கிப்ளரின் கணக்குகள் காட்டுகின்றன. அவருடைய இன்னொரு கணக்கைத் தோள் வலியால் அவதிப்படும் எவரும் கவனிக்க வேண்டும். இடுப்பிலிருந்தும் நடுவுடலிலிருந்தும் கைக்கு வரும் ஆற்றல் 20 விழுக்காடு குறைந்தால், அதே விசையில் அடிக்கத் தோள் 34 விழுக்காடு கூடுதல் வேகத்தில் சுழன்றாக வேண்டும். அடி வாங்குவது தோள். குறை இருப்பது இடுப்பில்.

ஒரு கழியால் பொருளைத் தள்ளலாம், கயிற்றால் தள்ள முடியாது. சரியான நேரத்தில் இறுகாத நடுவுடல் கயிறு போலத்தான். கால் எவ்வளவு உதைத்தாலும், அந்த உதையில் ஒரு பகுதி இடுப்பும் முதுகும் வளைவதிலேயே வீணாகிவிடும். தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்யும்போது கால்களில் இன்னும் தெம்பிருக்க, முதுகு முன்னால் மடங்குவதால் பாரத்தோடு எழ முடியாமல் போகிறவர்களிடம் இதை நேரில் பார்க்கலாம்.

பாரம் தூக்குபவர்கள் தூக்குமுன் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குவதும் இதற்காகவே. உதரவிதானம் கீழே இறங்குகிறது, இடுப்புத் தளம் கீழிருந்து தாங்குகிறது, சுற்றிலும் உள்ள வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன. உள்ளே ஏறும் அழுத்தம் முதுகெலும்பு மடங்காமல் இருக்க உதவுகிறது. அவர்கள் கட்டும் பெல்ட், வயிறு எதிர்த்து அழுத்துவதற்கு ஒரு பிடிமானம் தருகிறது.

## வலிமையைவிட நேரம்

1996-இல் ஆஸ்திரேலியாவின் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையின் போக்கையே திருப்பியது. ‘கையை வேகமாக உயர்த்துங்கள்’ என்று சொல்லிவிட்டு எந்தத் தசை முதலில் இயங்குகிறது என்று பதிவு செய்தார்கள். முதுகு வலி இல்லாதவர்களுக்கு, கையைத் தூக்கும் தோள் தசைக்கு முன்பே ஆழத்தில் உள்ள குறுக்கு வயிற்றுத் தசை இயங்கிவிட்டது. கை அசைந்தால் உடல் தடுமாறும் என்று நரம்பு மண்டலம் முன்கூட்டியே கணித்து அடித்தளத்தை இறுக்குகிறது. நீண்ட நாள் முதுகு வலி உள்ளவர்களுக்கு அந்தத் தசை தாமதமாகவே இயங்கியது.

இதிலிருந்து ஒரு தவறான வழக்கமும் கிளம்பியது. ‘அந்த ஒரு தசையைத் தனியாக எழுப்ப வேண்டும், தொப்புளை உள்ளே இழுங்கள்’ என்ற அறிவுரை உடற்பயிற்சிக் கூடங்கள் எங்கும் பரவியது. சிகிச்சையின் ஆரம்பக் கட்டத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கலாம். ஆனால் எதிராளி மோத வரும்போது தொப்புளை உள்ளே இழுப்பது வீரருக்கு உதவாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதை மறுத்து, சுற்றியுள்ள தசைகள் அனைத்தையும் ஒன்றாக இறுக்குவதே முதுகெலும்பைத் தாங்கும் என்று காட்டினார். வயிற்றில் யாரோ குத்தப்போகிறார் என்றால் தானாக வருமே, அந்த இறுக்கம்.

மெக்கில் குழுவினர் கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களிடம் அளந்த ஒன்று இன்னும் முக்கியமானது. தேர்ந்த வீரர் குத்து விடும்போதும் உதைக்கும்போதும் நடுவுடல் தசைகளின் இயக்கம் இரண்டு உச்சங்களைத் தொட்டது. முதல் உச்சம் அசைவைத் தொடங்கும்போது. அப்புறம் தசைகள் சட்டென்று தளர்கின்றன. அந்த இடைவெளியில்தான் கையும் காலும் வேகமெடுக்கின்றன. இலக்கைத் தொடும் கணத்தில் மறுபடி இறுகி, உடல் எடை முழுவதையும் அடிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. நடுவில் தளராமல் இறுகியே இருந்தால் அடி மெதுவாகும். கடைசியில் இறுகாவிட்டால் அடியில் கனம் இருக்காது.

முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க்கை நிமிடக்கணக்கில் ஒரே நிலையில் பிடிப்பது இந்தத் திறமைகளில் எதையும் கற்றுத் தருவதில்லை. பிளாங்க்கில் உலக சாதனை 9 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. மன உறுதிக்கு அது பெரிய சான்றுதான். பந்தை வேகமாக எறிவதற்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

## ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன?

கோர் பயிற்சியைத் தனியாகக் கொடுத்து, பிறகு ஆட்டத்தை அளந்த ஆய்வுகளில் சிலவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

1. 2004: இளம் வீரர்களுக்கு 6 வாரம் ஸ்விஸ் பந்து எனும் காற்றடைத்த பெரிய பந்தின் மேல் பயிற்சி. கோர் சோதனையில் தெளிவான முன்னேற்றம். ஆனால் ஒரே வேகத்தில் ஓட உடல் செலவிடும் ஆக்சிஜன் அளவில் மாற்றமில்லை.
2. 2005: கல்லூரித் துடுப்புப் படகு வீரர்களுக்கு 8 வாரம். நடுவுடலின் தாங்கும் திறன் சில சோதனைகளில் கூடியது. துடுப்பு இயந்திரத்தில் 2,000 மீட்டர் நேரம், தாவுதல், விரைவோட்டம் எதுவும் மாறவில்லை.
3. 2009: பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்கு 6 வாரம். 5,000 மீட்டர் நேரம் குறைந்தது.
4. 2011: பள்ளி வயது ஹேண்ட்பால் வீராங்கனைகள் தொங்கும் பட்டைகளில் உடலைத் தாங்கிச் செய்த 6 வாரப் பயிற்சி. எறியும் வேகம் 4.9 விழுக்காடு கூடியது.
5. 2015: தேசிய அளவிலான இளம் நீச்சல் வீரர்களுக்கு 12 வாரம். 50 மீட்டர் நேரத்தில் 2 விழுக்காடு முன்னேற்றம். 30 விநாடியில் நீந்துபவருக்கு அது 0.6 விநாடி; பதக்கத்தையே மாற்றக்கூடிய இடைவெளி.

முதல் இரண்டை மட்டும் படித்தவர் ‘வீண்’ என்பார். கடைசி இரண்டை மட்டும் படித்தவர் ‘அற்புதம்’ என்பார். சேர்த்துப் படித்தால், எனக்குப் புலப்படும் விளக்கங்கள் மூன்று.

முதலாவது, விளையாட்டின் தன்மை. நீச்சல் வீரருக்குக் காலுக்கடியில் தரை கிடையாது. கை நீரைப் பிடித்து இழுக்கும்போது எதிர்ப்பிடி கொடுக்க அவருடைய உடலைத் தவிர வேறு எதுவும் இல்லை. இடுப்பு பக்கவாட்டில் ஆடினால் அந்த ஆட்டமே நீரின் தடையைக் கூட்டும். சுழன்று எறிபவருக்கும் நடுவுடல் நேரடியான உழைப்பாளி. சீரான வேகத்தில் நேர்கோட்டில் ஓடுபவருக்கு நடுவுடலின் தேவை உண்டு என்றாலும் அளவில் குறைவு. அங்கே எல்லையை நிர்ணயிப்பது இதயமும் நுரையீரலும் கால்களும்.

இரண்டாவது, வீரர் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது. துடுப்பு வலிப்பவர் ஒவ்வொரு இழுப்பிலும் நடுவுடலை வேலை வாங்குகிறார். அதற்கு மேல் தரையில் படுத்துச் செய்யும் மென்மையான பயிற்சி புதிதாக எதைச் சேர்க்கும்? வலுப் பயிற்சி அதிகம் செய்திராத இளையவருக்கோ பொழுதுபோக்கு ஓட்டக்காரருக்கோ முன்னேற நிறைய இடம் இருக்கிறது.

மூன்றாவது, எதை அளக்கிறோம் என்பது. பிளாங்க் பயிற்சி செய்தால் பிளாங்க் நேரம் கூடும். அதில் யாருக்கும் ஆச்சரியம் வேண்டாம். உடல் எதைச் செய்கிறதோ அதில்தான் தேறுகிறது. 2016-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பயிற்சி பெற்றவர்களிடம் நடுவுடல் வலிமைக்கும் விளையாட்டுத் திறனுக்கும் இடையிலான தொடர்பு சிறியது என்று முடிவு செய்தது. இது கோர் தேவையில்லை என்பதாகாது. ஓரளவு வலிமை வந்த பிறகு, பெரும்பாலானவர்களின் ஆட்டத்தைத் தடுத்து நிறுத்துவது கோர் அல்ல, வேறு ஏதோ ஒன்று என்பதையே அது காட்டுகிறது.

## காயத்தின் பக்கம்

என் பார்வையில், கோர் பயிற்சிக்கான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டக்களத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் வீரருக்கு வேகமும் விசையும் இருந்து பயனில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் 277 கல்லூரி வீரர், வீராங்கனைகளின் நடுவுடலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, திடீரென்று விடுவித்து, உடல் எவ்வளவு தூரம் சாய்ந்த பிறகு நிற்கிறது என்று அளந்தார்கள். பிறகு 3 ஆண்டுகள் அவர்களைக் கவனித்தார்கள். 25 பேருக்கு முழங்கால் காயம் ஏற்பட்டது. அதிகம் சாய்ந்தவர்களுக்கே லிகமென்ட் காயத்துக்கான வாய்ப்பு அதிகம். குறிப்பாகப் பக்கவாட்டுச் சாய்வு. இந்தத் தொடர்பு பெண்களிடம் கூடுதலாகத் தெரிந்தது.

முழங்கால் காயத்துக்கு நடுவுடல் எப்படிக் காரணமாகும்? தாவி ஒற்றைக் காலில் இறங்கும் ஒருவரை மெதுவான காணொளியில் பாருங்கள். கால் தரையைத் தொட்ட அடுத்த கணம் மார்பு அந்தக் காலின் பக்கம் சாய்ந்தால், உடல் எடை முழங்காலுக்கு வெளியே போய்விடுகிறது. அந்த எடை முழங்காலை உள்நோக்கி மடக்கும் விசையாக மாறுகிறது. ஏ.சி.எல். எனப்படும் முன் லிகமென்ட் கிழிவதற்கு ஏற்ற நிலை அதுதான். எதிராளி யாரும் தொடாமலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழும் வீரர்கள் பலருக்கு நடப்பது இது.

பயிற்சியால் இதைக் குறைக்க முடியுமா? நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 கால்பந்து வீராங்கனைகளிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபிஃபாவின் ‘11+’ எனும் 20 நிமிட வார்ம்-அப் முறையைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதில் முன் பிளாங்க்கும் பக்கவாட்டு பிளாங்க்கும் உண்டு. ஆனால் ஓட்டம், சமநிலை, தொடைப் பின்தசைப் பயிற்சி, தாவி இறங்கும் முறை எல்லாமும் உண்டு. ஆகவே முழுப் புகழையும் கோருக்குக் கொடுப்பது நியாயமில்லை. சேர்ந்து செய்ததால் வந்த பலன் அது.

வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகு இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்கிறது. முன்கால் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப்போல் 5 மடங்கு அளவிலான விசை தரையிலிருந்து மேலேறுகிறது. அதே நேரத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, சுழலவும் செய்கிறது. திரும்பத் திரும்ப ஏறும் அழுத்தத்தால் வரும் எலும்பு முறிவு பெரும்பாலும் இடுப்பு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வருவது இதனால்தான். எலும்பு முதிராத இளம் வயதினருக்கு ஆபத்து இன்னும் அதிகம். எத்தனை பந்து வீசுகிறார், எவ்வளவு ஓய்வு எடுக்கிறார், எந்த முறையில் வீசுகிறார் என்பவற்றைச் சரிசெய்யாமல் கோர் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்பினால் அந்த எலும்பைக் காப்பாற்ற முடியாது.

## எந்தப் பயிற்சி, எதற்கு?

பயிற்சியைத் தசையின் பெயரால் பிரிப்பதைவிட, அது செய்யும் வேலையால் பிரிப்பது பயன் தரும்.

1. அசையாமல் தாங்குவது. மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள் இந்த வகை: தலையையும் தோளையும் மட்டும் லேசாக உயர்த்தும் கர்ல்-அப், பக்கவாட்டு பிளாங்க், மண்டியிட்டு எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பேர்ட்-டாக். நிமிடக்கணக்கில் பிடிப்பதில்லை, 10 விநாடி பிடித்து, விட்டு, மீண்டும் பிடிப்பது. முதுகு வலியிலிருந்து திரும்புபவர்களுக்கும் தொடக்கநிலை வீரர்களுக்கும் இது நல்ல அடித்தளம்.
2. திருப்பப் பார்க்கும் விசையை எதிர்ப்பது. பக்கத்திலிருந்து இழுக்கும் ரப்பர் பட்டையை மார்புக்கு நேராகப் பிடித்து முன்னால் தள்ளுவது, ஒரு கையில் மட்டும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பது. ஓட்டம், கால்பந்து, மல்யுத்தம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.
3. சுழற்சியை வேகமாக உண்டாக்குவது. மெடிசின் பந்து எனும் கனமான பந்தைப் பக்கவாட்டில் சுவரை நோக்கி முழு வேகத்தில் எறிவது. எறிபவர்களும் அடிப்பவர்களும் மிகக் குறைவாகச் செய்வது இதைத்தான், அவர்களுக்கு மிகவும் தேவையானதும் இதுதான். இறுக்கம், தளர்வு, மறுபடி இறுக்கம் என்ற வரிசை இதில் பழகும். எண்ணிக்கை குறைவாக, முழு வேகத்தோடு, நடுவில் போதிய ஓய்வோடு.
4. பெரும் பாரத்தைத் தாங்குவது. ஸ்குவாட், தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட். முதுகுத் தசைகளின் மின்னியக்கத்தை அளந்த ஆய்வுகளில், ஸ்விஸ் பந்துப் பயிற்சிகளைவிட இவற்றில் அந்தத் தசைகள் அதிகம் உழைத்தன. ஆடும் பந்தின் மேல் நிற்கும்போது கீழே விழாமல் இருப்பதிலேயே கவனம் போய்விடும். விசையை முழுதாக வெளிப்படுத்த முடியாது.

சிட்-அப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஒரு சிட்-அப் இடுப்பு முதுகெலும்பின் மேல் சுமார் 3,300 நியூட்டன் அழுத்தம் ஏற்றுகிறது என்பது மெக்கிலின் கணக்கு. பணியிடங்களில் பாரம் தூக்குபவர்களுக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் எச்சரிக்கை அளவு 3,400 நியூட்டன். ஒரு சில சிட்-அப்கள் யாரையும் முடக்கிவிடாது. ஆனால் தினமும் நூற்றுக்கணக்கில் செய்ய வைக்கும் பழைய பழக்கத்தை ஆதரிக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

## யாருக்குக் கூடுதல் கோர் பயிற்சி வேண்டும்?

இதற்கு நேரக் கடிகாரத்தைவிடக் காணொளி நல்ல சாட்சி. ஓட்டக்காரரின் கடைசிச் சுற்றுகளைப் பின்னாலிருந்து படம் பிடியுங்கள். தொடக்கத்தில் சமமாக இருந்த இடுப்பு, களைத்த பிறகு ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கம் தொய்கிறதா? நீச்சல் வீரரின் இடுப்பு பாம்புபோல் நெளிகிறதா? ஒற்றைக் காலில் இறங்கும்போது மார்பு சாய்கிறதா? பாரம் ஏற ஏற முதுகு மடங்குகிறதா? இடது, வலது பக்கவாட்டு பிளாங்க் நேரங்களில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் அங்கே உழைக்கலாம், பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 8 அல்லது 12 வாரம் கழித்து அதே படத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்; ஆட்டத்தின் நேரத்தையும் வேகத்தையும் கூடவே அளக்க வேண்டும். பிளாங்க் நேரம் மட்டும் கூடியிருந்தால் பயிற்சியை மாற்ற வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், இருப்பதைப் பராமரிக்கும் அளவுக்குச் செய்துவிட்டு மிச்ச நேரத்தைக் கால் வலிமைக்கோ நுட்பத்துக்கோ தூக்கத்துக்கோ கொடுப்பதே நல்லது.

நாளின் எந்தக் கட்டத்தில் செய்கிறோம் என்பதையும் கவனியுங்கள். நடுவுடலை நன்றாகக் களைப்பாக்கும் பயிற்சியைக் கனமான ஸ்குவாட்டுக்கோ முழு வேகப் பந்துவீச்சுக்கோ முன்னால் வைத்தால், முதுகைத் தாங்க வேண்டிய தசைகள் சோர்ந்திருக்கும் நேரத்தில் அதன்மேல் மிகப் பெரிய சுமையை ஏற்றுகிறோம். முன்னால் செய்வதென்றால் சில நிமிடம், தசைகளை விழிக்க வைக்கும் அளவுக்கு மட்டும். கடினமானதைப் பயிற்சியின் கடைசியில் வையுங்கள்.